செம்மண்ணில் ஓடிய வண்டியைக் கார்பெட்டில் இறக்கியபோது

நான் ஓட்டுவது ரிமோட்டில் ஓடும் பொம்மைக் கார்: அசல் வண்டியில் பத்தில் ஒரு பங்கு (1/10) அளவு, இரண்டு சக்கரத்துக்கு மட்டும் மோட்டார் விசை போகும் டூ வீல் டிரைவ் பக்கி. நாலு வருஷமாகக் கோவைப் பக்கம் ஒரு செம்மண் மைதானத்தில்தான் ஓட்டம். மேலே மாவு மாதிரி புழுதி, கீழே கெட்டி மண், வளைவில் பின்பக்கம் வழுக்கிக்கொண்டே போகும், அதனால் ஷாக் அப்சார்பரில் 30 வெயிட் ஆயில் (எண் ஏற ஏற ஆயில் கெட்டி), இளகிய ஸ்பிரிங், தரையிலிருந்து 24 மில்லிமீட்டர் உயரம், டயரில் நல்ல இடைவெளி விட்ட கட்டைகள் என்று வண்டியை மெத்தென்று வைத்திருந்தேன்.

போன மாதம் ஒரு ஹாலில் கார்பெட் விரித்து ஓட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். டயரை மட்டும் குட்டிக் குட்டி ரப்பர் முட்கள் நெருக்கமாக உள்ள மினி பின் டயராக மாற்றினேன், மற்றதெல்லாம் அப்படியே. இரண்டாவது வளைவில் வண்டி ஒரு பக்கமாக எழும்பி மல்லாந்துவிட்டது. வேகத்தைக் குறைத்தேன், மறுபடியும் அதே இடத்தில் அதே கவிழ்ப்பு.

மண்ணில் பழகியவருக்குப் பிடி போதவில்லை என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் கார்பெட்டில் பிடி அதிகமாகிவிடுகிறது. முன் டயர் கவ்வுகிறது, வண்டி சாய்கிறது, டயரின் பக்கச்சுவர் தரையைத் தொட்டதும் அதுவும் சேர்ந்து கவ்வுகிறது, அப்புறம் உருளாமல் என்ன செய்யும்?

பக்கத்து மேஜை அண்ணன் என் முன் டயரை வாங்கி, ஃபெவிக்விக் நுனியில் மெல்லிய குழாயைச் செருகி, ஓரத்து முள் வரிசைக்குக் கீழே வெளிச்சுவரில் டயரை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே ஒரு கோடு இழுத்தார். காய்ந்த பிறகு நகத்தால் தட்டினால் பிளாஸ்டிக் மாதிரி டக் டக் என்றது. அந்த இடம் இனி கவ்வாது, வழுக்கும். அதிலேயே பாதி சரியாகிவிட்டது.

மிச்சத்துக்கு உயரத்தை 17 மில்லிமீட்டருக்கு இறக்கினேன், ஐந்து சுற்று ஓட்டிப் பார்த்தேன், அதன் பிறகுதான் ஆயிலை 40 வெயிட்டுக்கு ஏற்றினேன். “எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்தினா எது வேலை செஞ்சதுன்னே தெரியாது தம்பி” என்றார். சத்தியமான வார்த்தை.

திரும்பி வந்து அதே செட்டிங்கோடு செம்மண்ணில் விட்டபோது ஒவ்வொரு மேட்டிலும் வண்டி தவளை மாதிரி தத்தியது, டயர் தரையிலேயே நிற்கவில்லை. இப்போது இரண்டு தரைக்கும் தனித்தனித் தாளில் எழுதிப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன்.

கரிசல் மண்ணில், அதுவும் மழை பெய்து பாதி காய்ந்த நிலையில் ஓட்டியவர்கள் இருந்தால் என்ன டயர் போட்டீர்கள் என்று சொல்லுங்கள், அடுத்து அங்கேதான் போகிறேன்.