மாதம் ஒரு கூட்டம் போட்டால் சிசு மரணம் குறையுமா? குழுப்பணி குறித்து ஒரு வாக்குவாதம்

மலைச்சாரல்:
சமூகப்பணி மாணவர்கள் குழுப்பணியை (மக்களைக் குழுவாகக் கூட்டி, அவர்கள் சிக்கலை அவர்களே தீர்க்கத் துணைநிற்கும் முறை) ஒரு தாளிலும் ஐக்கிய நாடுகள் அவையின் வளர்ச்சி இலக்குகளை இன்னொரு தாளிலும் படித்துத் தேர்வு எழுதிவிட்டுப் போகிறார்கள். இரண்டும் சந்திக்கும் இடம் எது என்று கேட்டால் நான் நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்தைச் சொல்வேன்.

2001 முதல் 2003 வரை அங்கே ஓர் ஆய்வு நடந்தது. தேர்ந்தெடுத்த ஒவ்வொரு ஊராட்சிப் பகுதிக்கும் உள்ளூர்ப் பெண் ஒருவரை அமர்த்தினார்கள். அவர் மருத்துவம் படித்தவர் அல்லர். மாதம் ஒருமுறை பெண்களைக் கூட்டி, படங்களைக் காட்டி, ஊரில் பிரசவ நேரத்தில் என்னென்ன நேர்கிறது என்று பேச வைப்பார். எதை முதலில் சரிசெய்வது என்பதைக் குழுவே தீர்மானிக்கும். சில குழுக்கள் அவசர நிதி சேர்த்தன; சில, நோயாளியைத் தூக்கிச் செல்ல ஸ்ட்ரெச்சர் ஏற்பாடு செய்தன; சில, சுத்தமான பிரசவப் பொருள்களைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தன. குழுக்கள் இருந்த பகுதிகளில் பிறந்து ஒரு மாதத்துக்குள் இறந்த குழந்தைகள் ஆயிரத்துக்கு 26.2, இல்லாத பகுதிகளில் 36.9. உலக நாடுகள் 2030-க்கு வைத்திருக்கும் இலக்கு ஆயிரத்துக்கு 12. பன்னாட்டுச் சமூகப்பணிக்குக் குழுப்பணியைவிட மலிவான, மரியாதையான வழி வேறு இல்லை என்பது என் கட்சி.

கணக்குப்பிள்ளை:
கட்சி இருக்கட்டும், கணக்கு முழுதாக வரட்டும். வெளிநாட்டு நிதியில் நடந்த திட்டங்களுக்குப் பல ஆண்டுகள் வரவுசெலவு எழுதியவன் நான். வென்ற மாவட்டத்தின் பெயர் எல்லா அறிக்கையிலும் முதல் பக்கத்தில் இருக்கும். தோற்ற மாவட்டம் பின்னிணைப்பில் எங்கோ கிடக்கும்.

வங்கதேசத்தின் போக்ரா, ஃபரித்பூர், மௌல்விபஜார் மாவட்டங்களில் இதே முறையைச் செய்து பார்த்தார்கள். 2010-இல் வெளியான முடிவு: சிசு மரணத்தில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. மும்பைச் சேரிகளிலும் பார்த்தார்கள். 2012-இல் வந்த முடிவும் அதேதான். உங்கள் மக்வான்பூரிலேயே மணமான பெண்களில் நூற்றுக்கு 8 பேர்தான் கூட்டத்துக்கு வந்தார்கள். அந்த எண்ணை ஏன் விட்டுவிட்டீர்கள்?

மலிவு என்கிறீர்களே, யாருக்கு மலிவு? வயலிலும் அடுப்படியிலும் நின்றுவிட்டு வந்து உட்காரும் பெண்ணின் பொழுதுக்கு எந்தத் திட்டத்திலும் ஒரு பைசா எழுதியதாக நான் பார்த்ததில்லை. சாலையும் செவிலியரும் தர வேண்டிய அரசு, "நீங்களே கூடிப் பேசி ஸ்ட்ரெச்சர் செய்துகொள்ளுங்கள்" என்று ஒதுங்கிக்கொள்ள இது வசதியான வழி.

தூத்துக்குடியான்:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். நூற்றுக்கு 8 பேர் வந்த கூட்டத்தால் மரணம் எப்படி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும்? ஒன்று கணக்கில் பிழை இருக்க வேண்டும், இல்லையென்றால் யாராவது விளக்க வேண்டும்.

மலைச்சாரல்:
விளக்குகிறேன். 8 என்பது மணமான பெண்கள் எல்லாரையும் வைத்துச் சொல்லும் எண். ஆய்வுக் காலத்தில் கருவுற்ற பெண்களை மட்டும் எடுத்தால் நூற்றுக்கு 37 பேர் கூட்டத்துக்கு வந்திருக்கிறார்கள். பிரசவம் யாருக்கு நெருங்குகிறதோ அவர்கள்தான் வந்தார்கள். வந்தவள் வீட்டுக்குப் போய் மாமியாரிடமும் நாத்தனாரிடமும் பேசாமலா இருப்பாள்?

கணக்குப்பிள்ளை ஐயாவின் சாலை, செவிலியர் வாதத்துக்கும் அதே ஆய்வில் பதில் இருக்கிறது. குழு இருந்த பகுதி, இல்லாத பகுதி இரண்டிலும் சுகாதார நிலையங்களை மேம்படுத்தினார்கள். அப்படியும் வேறுபாடு தெரிந்தது. அரசு ஒதுங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சுகாதார நிலையம் திறந்திருந்தாலும் வீட்டுப் படியிறங்க ஒரு துணிவு வேண்டும். அதைக் குழு தந்தது.

வங்கதேசக் கதையையும் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். முதல் முறை ஏறக்குறைய 1,400 பேருக்கு ஒரு குழு என்று வைத்தார்கள். பெரும்பாலான கர்ப்பிணிகள் குழுவுக்கு வரவேயில்லை. அதன் பிறகு 309 பேருக்கு ஒரு குழு என்று நெருக்கமாக அமைத்தார்கள். 2013-இல் வந்த முடிவில் மரணம் 38 சதவீதம் குறைந்திருந்தது. தோல்வியிலிருந்து கற்றுக்கொண்ட முறைக்குத்தான் உலக சுகாதார நிறுவனம் 2014-இல் பரிந்துரை கொடுத்தது. மும்பையைப் பொறுத்தவரை என் ஊகம் மட்டும்: மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கும் ஊரில், குடியிருப்பவர்கள் அடிக்கடி மாறும் சந்தில், மலைக்கிராமத்துக்கென்று வகுத்த முறை ஒட்டாது.

வன்னிமகள்:
நீங்கள் இருவரும் ஆயிரத்துக்கு எத்தனை என்று பிடித்துக்கொண்டு நில்லுங்கள். நான் கிளிநொச்சிப் பக்கம் பெண்களோடு வேலை செய்கிறேன். இங்கே 'குழு' என்ற சொல்லைக் கேட்டதும் பெண்களுக்கு நினைவு வருவது நுண்கடன்.

போர் முடிந்த பின்னர் நிதி நிறுவனங்கள் ஒழுங்கை ஒழுங்கையாக வந்தன. கடன் வேண்டுமென்றால் குழுவாகச் சேர வேண்டும். ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். கிழமைக்கு ஒரு கூட்டம். காசு முழுதாகச் சேரும் வரை ஒருவரும் எழும்பக் கூடாது. முன்பு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரி, வாசலில் நின்று தவணை கேட்பவளாக மாறினாள். 2018-இல், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்க வேண்டி வந்தது. 2021-இல் பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் சிங்களப் பெண்கள் இதே கடனுக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அதற்கு முன்பே, 2010-இல், ஆந்திராவில் கடன்பட்டவர்களின் தற்கொலைகளுக்குப் பிறகு மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டு வந்தது.

இவையெல்லாம் வறுமை ஒழிப்பு, பெண்களை வலுவூட்டல் என்ற உலக இலக்குகளின் பெயரில்தான் எங்கள் வாசலுக்கு வந்தன. ஐவர் குழுக்களை வைத்துக் கடன் கொடுத்த வங்கதேசத்தின் கிராமீன் வங்கிக்கு 2006-இல் நோபல் அமைதிப் பரிசும் கிடைத்தது. ஆகவே குழு மரியாதையான வழி என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள்.

மலைச்சாரல்:
அக்கா, நீங்கள் சொல்வது கடன் வசூல் முறை. அதற்குக் குழு என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். சமூகப்பணியில் குழுப்பணி என்பது வேறு.

உகாண்டாவைப் பாருங்கள். 2002-இல் ராக்காய், மசாகா பகுதிகளில் 30 கிராமங்களில் மனச்சோர்வுக்குக் குழு சிகிச்சை நடந்தது. உள்ளூர் ஆட்களுக்கே இரண்டு வாரப் பயிற்சி கொடுத்து, 16 வாரம் நடத்த வைத்தார்கள். பணப்பேச்சு இல்லை. ஆய்வாளர்கள் தொடங்கும் முன்பே ஊர் மக்களிடம் அவர்கள் துயரத்தை எப்படிச் சொல்கிறார்கள், மனம் நொந்தவரால் அன்றாட வேலைகளில் எவை முடியாமல் போகின்றன என்று கேட்டு, அதை வைத்தே அளந்தார்கள். குழுவில் இருந்தவர்களில் மனச்சோர்வு உள்ளோர் 86 சதவீதத்திலிருந்து 6.5-க்கு வந்தார்கள். திட்டம் முடிந்த பிறகும் பல குழுக்கள் தாமாகவே கூடிக்கொண்டிருந்தன.

கணக்குப்பிள்ளை:
எதிர்ப்பக்க எண்ணை நான் போடுகிறேன். சிகிச்சை கிடைக்காத கிராமங்களிலும் 94 சதவீதம் 54.7 ஆகக் குறைந்தது. துயரம் தானாகவும் கொஞ்சம் ஆறுகிறது. மீதி வேறுபாடு பெரியது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அறிக்கை எழுதுகிறவர்கள் 86, 6.5 என்ற இரண்டை மட்டும் சுவரொட்டியில் போடுவார்கள், நீங்கள் இப்போது போட்டதைப் போல.

வன்னிமகள்:
தம்பி, பிழையாக நடந்ததையெல்லாம் 'அது குழுப்பணி அல்ல' என்று வெளியே தள்ளினால் உங்கள் குழுப்பணி என்றைக்கும் தோற்காது. கடன் குழுவில் பலரும் வலுவூட்டல் பயிற்சி என்று சொல்லித்தான் கூட்டப்பட்டார்கள்.

சுனாமிக்குப் பின்னர் வந்தவர்கள் சமூகப்பணியாளர்கள், உளவளத்துணையாளர்கள் என்றே சொல்லிக்கொண்டார்கள். மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பிள்ளைகளை வட்டமாக இருத்தி, நடந்ததைச் சொல்லச் சொல்லிவிட்டு, அடுத்த கிழமை விமானம் ஏறினார்கள். ஒரே அமர்வில் நடந்ததைக் கிளறிவிடும் அந்த முறையைச் செய்யாதே என்று 2007-இல் பன்னாட்டு அமைப்புகள் கூடி எழுதிய வழிகாட்டியே சொல்லிவிட்டது. உகாண்டாவில் ஊரவரிடம் முதலில் கேட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் உங்கள் பதிவை முழுதாக வாசித்தேன்.

மலைச்சாரல்:
அப்படியென்றால் ஜார்க்கண்ட், ஒடிசா ஆதிவாசி மாவட்டங்களில் நடந்ததையும் வாசியுங்கள். 2005 முதல் 2008 வரை, குழு ஒவ்வொன்றுக்கும் 20 கூட்டங்கள். குழந்தை இறந்த கதை ஒன்றைச் சொல்லி 'ஏன்?' என்று கேட்பார்கள். கிருமி என்று பதில் வந்தால் 'கிருமி ஏன்?' என்பார்கள். கேட்டுக்கொண்டே போனால் வறுமையிலும், வீட்டில் யார் சொல் செல்லுகிறது என்பதிலும் வந்து நிற்கும். மூன்று ஆண்டுகளில் சிசு மரணம் 32 சதவீதம் குறைந்தது. அங்கே பெரும்பாலும் ஏற்கெனவே இருந்த பெண்கள் குழுக்களைத்தான் பயன்படுத்தினார்கள்.

கணக்குப்பிள்ளை:
நிதி நின்ற மறுவருடம் கூட்டத்தை நடத்தியது யார்?

மலைச்சாரல்:
அரசின் கிராமச் சுகாதாரப் பணியாளர்களான ஆஷா பெண்களை வைத்து நடத்திப் பார்த்தார்கள். ஐந்து மாவட்டங்களில், குழு இருந்த பகுதிகளில் சிசு மரணம் ஆயிரத்துக்கு 30. ஒப்பிட்ட பகுதிகளில் 44. 2016-இல் வெளிவந்தது.

கணக்குப்பிள்ளை:
நல்ல எண். ஆனால் ஆஷா பணியாளருக்கு மாதச் சம்பளம் இல்லை, ஊக்கத்தொகைதான். அதை உயர்த்தச் சொல்லி மாநிலம் மாநிலமாகத் தெருவில் உட்காருகிறார்கள். தடுப்பூசி, பிரசவத்துக்கு அழைத்துப் போவது, பதிவேடு, இப்போது கூட்டமும். இலக்கை எட்டியது யார் தோளில் என்பதை நான் பேரேட்டின் எந்தப் பக்கத்தில் எழுத?

தூத்துக்குடியான்:
வன்னிமகள் அக்கா, நீங்களும் குழுக்கள் நடத்துவதாகத்தான் தெரிகிறது. கடன் குழுவில் அடிபட்ட பெண்களை எப்படித் திரும்ப உட்கார வைத்தீர்கள்?

வன்னிமகள்:
நான் இருத்தவில்லை, அவர்கள்தான் நிபந்தனை போட்டு வந்தார்கள். கூட்டத்தில் கடன், சேமிப்பு என்ற பேச்சு எடுக்கக் கூடாது. அடையாள அட்டை இலக்கம் எழுதும் வரவுத்தாள் (வந்தவர் பட்டியல்) கூடாது. படம் எடுக்கக் கூடாது. வெளியிலிருந்து யாராவது பார்க்க வருவதென்றால் முதல் கூட்டத்திலேயே சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும். வரவுத்தாளும் படமும் இல்லாத கூட்டத்துக்குக் காசு தர ஒரு நிறுவனம் சம்மதிக்கவில்லை. இன்னொன்று ஒரு வருடத்துக்கு மட்டும் சம்மதித்தது.

கணக்குப்பிள்ளை:
வரவுத்தாள் இல்லாமல் அந்த ஒரு வருடத்துக்கு என்ன கணக்குக் காட்டினீர்கள்? ஆட்சேபிக்கக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். அந்தப் படிவம் கையில் இருந்தால் இங்கே போடுங்கள்.