மேலத்தெரு வீட்டுக் குழு: ஞாயிற்றுக்கிழமை

பேட்டை மதினி, 7:12
சித்தி, குற்றாலம் போய் வந்ததிலிருந்து சின்னவனுக்கு வயிற்றுப்போக்கு. விடிவதற்குள் ஆறு தடவை. தண்ணீர் கொடுத்தால் அப்படியே போய்விடுகிறது.

தென்காசி மாமா, 7:14
வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து மூன்று நாள் குடித்தால் கல்லீரல் சுத்தமாகும்! பத்துப் பேருக்கு அனுப்புங்கள்.

பாளை சித்தி, 7:15
அண்ணன், அது கல்லீரல், அண்டா இல்லை. சற்றுப் பொறுங்கள். மருமகளே, வீட்டில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட், அந்த உப்பும் குளுக்கோஸும் கலந்த பொடி, இருக்கிறதா?

பேட்டை மதினி, 7:17
ஒன்றை டம்ளரில் கலக்கிக் கொடுத்தேன். கரிக்கிறது என்று துப்பிவிட்டான்.

பாளை சித்தி, 7:18
துப்பியதே நல்லது. பெரிய பாக்கெட் என்றால் அது ஒரு லிட்டர் தண்ணீருக்கு. டம்ளரில் கரைத்தால் அந்தக் கெட்டிக் கரைசல் உடம்பிலிருக்கும் நீரையும் குடலுக்குள் இழுக்கும், போக்கு கூடும். கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கு. ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு.

நான், 7:21
வெறும் தண்ணீர் ஏன் போதாது சித்தி?

பாளை சித்தி, 7:26
தண்ணீர் உப்பின் பின்னால்தான் போகும். சோடியத்தையும் குளுக்கோஸையும் ஜோடியாக மட்டுமே உள்ளே விடுகிற வாசல் ஒன்று சிறுகுடல் சுவரில் இருக்கிறது. வயிற்றுப்போக்கிலும் அது பெரும்பாலும் மூடுவதில்லை.

நாம் ஒரு நாளில் குடிப்பது 2 லிட்டர் போல. எச்சில், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர் என்று உடம்பே இன்னும் 7 லிட்டரைக் குடலில் கொட்டுகிறது. இத்தனையிலும் மலத்தோடு வெளியே போவது கால் லிட்டர்கூட இல்லை. அவனுக்கு இப்போது போவது குடித்த தண்ணீர் மட்டும் என்று நினைக்காதே.

1971இல் வங்காள எல்லை அகதி முகாமில் காலரா பரவி, ட்ரிப் பாட்டில் தீர்ந்தபோது டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் இந்த உப்பு-குளுக்கோஸ் கரைசலைத்தான் டிரம்மில் கரைத்து வைத்துக் கொடுத்தார்.

ஆச்சி (அத்தை எழுதுகிறாள்), 7:40
வடிகஞ்சியில் உப்புப் போட்டுத்தான் நான் ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். என்னை யார் கேட்கிறீர்கள்?

பாளை சித்தி, 7:42
சரிதான் அம்மா. கஞ்சியின் மாவுச்சத்தும் குடலில் குளுக்கோஸாகத்தான் உடைகிறது. உப்பு மட்டும் உங்கள் கையளவு வேண்டாம்.

தென்காசி மாமா, 7:50
அப்படியானால் கல்லீரலுக்கு?

பாளை சித்தி, 7:55
கேரள எல்லையில் இருக்கும் புளியரை செக்போஸ்ட் உங்களுக்குத் தெரியாததா? குடல் உறிஞ்சும் சர்க்கரை, புரதத்தின் துணுக்குகள், மருந்து எல்லாம் போர்ட்டல் சிரை என்கிற ரத்தக்குழாய் வழியே முதலில் கல்லீரலில்தான் நிற்க வேண்டும். மிஞ்சிய சர்க்கரையை அது கிளைகோஜனாகக் கட்டி வைக்கும். அம்மோனியாவை யூரியாவாக மாற்றிச் சிறுநீரகத்துக்கு அனுப்பும். கொழுப்பில் பெரும்பகுதி மட்டும் நிணநீர் வழியே கள்ளப் பாதையில் நழுவிவிடும். தான் அனுப்பிய பித்த உப்பைக்கூடச் சிறுகுடலின் கடைசிப் பகுதியிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்கிற கருமி அது. அதைக் கழுவ ஆள் தேவையில்லை. எலுமிச்சையை நன்னாரி சர்பத்துக்கு வையுங்கள்.

பேட்டை மதினி, 9:40
ஒரு டம்ளர் உள்ளே போய்விட்டது.

பாளை சித்தி, 9:41
கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தான்?

பேட்டை மதினி, 9:43
ஐந்து மணிக்கு.

பாளை சித்தி, 9:44
பதினொன்றுக்குள் போகாவிட்டாலோ, கண் குழிந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. டாக்டரிடம் சிங்க் மாத்திரையும் கேள். போக்கு நின்றாலும் 14 நாள் கொடுக்க வேண்டும்.

பேட்டை மதினி, 10:35
சிறுநீர் போய்விட்டான் சித்தி! மஞ்சளாக இருக்கிறது.

தென்காசி மாமா, 10:36
மஞ்சளா! காமாலை! கீழாநெல்லி பிடுங்கிக்கொண்டு வருகிறேன்.

பாளை சித்தி, 10:37
அண்ணன்! நீர் குறைந்தால் அப்படித்தான் அடர்ந்து போகும். மருமகளே, கண்ணின் வெள்ளையைப் பார்.

பேட்டை மதினி, 10:39
பால் போல இருக்கிறது. இட்லி கேட்கிறான்.

தென்காசி மாமா, 10:52
ஒரு கட்டுப் பிடுங்கிவிட்டேனே.