பிரண்டையா, தூதுவளையா? ஒரே ஒரு தொட்டிக்குத்தான் இடம்

வணக்கம். எங்கள் மொட்டை மாடியில் மேற்கு வெயில் விழும் சுவரோரம் ஒரு தொட்டி வைக்க இடம் இருக்கிறது. பிரண்டையைக் கணுவோடு ஒடித்து நட்டால் போதும். தண்ணீர் குறைந்தாலும் தாங்கும், தேங்கினால்தான் அழுகும். பிரண்டைத் துவையல் என்றால் அம்மாவுக்கு உயிர். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நார் உரித்து, நன்றாக வதக்கிப் புளி சேர்த்தால் நாக்கு அரிக்காது.

சளி பிடித்தால் ரசம் வைக்கத் தூதுவளையும் வேண்டும். ஆனால் தண்டு முழுவதும், இலை நரம்பில்கூட முள்; மகளுக்கு மூன்று வயதுதான். போன சித்திரையில் வைத்த செடி இலை சுருண்டு, மாவுப்பூச்சி ஏறிப் பட்டுப்போனது. இன்னும் மனம் ஆறவில்லை. பாதி நிழலில் வைத்திருந்தால் பிழைத்திருக்குமா? இரண்டையும் ஒரே தொட்டியில் வளர்த்தவர்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விட்டீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.