தமிழக முஸ்லிம்களிடையே அரபுக் கல்வி வளர்ந்த வரலாறு

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். பெரிய அரபுக் கல்லூரிகள் தோன்றுவதற்கு முன் நம் முன்னோர், குறிப்பாகப் பெண்கள், மார்க்க நூல்களை எவ்வாறு கற்றனர் என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: வ அலைக்குமுஸ் ஸலாம். கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் பள்ளிவாசலை ஒட்டிய மக்தபு எனும் தொடக்க மார்க்கப் பள்ளிகளிலும் ஆலிம்களின் (மார்க்க அறிஞர்களின்) இல்லங்களிலும் குர்ஆன் ஓதக் கற்றனர். அரபு எழுத்து கைவந்த பின், அதே எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ் வழியாக வணக்க முறைகளையும் சட்டங்களையும் பயின்றனர். அரபியில் இல்லாத ப, ட, ள போன்ற ஒலிகளுக்காக, இருந்த எழுத்துகளிலேயே புள்ளிகளையும் குறிகளையும் கூட்டிக்கொண்ட நுட்பம் என்னை எப்போதும் வியக்கவைக்கிறது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) இம்முறையில் எழுதிய நூல்கள் இலங்கையிலும் பரவின; தமிழ் எழுத்தைப் பயிலாத பெண்களும் வீட்டிலிருந்தபடியே இத்தகைய நூல்களைப் படித்தனர்.

பதில்: கல்லூரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தை 19-ஆம் நூற்றாண்டில் அப்துல் வஹ்ஹாப் ஹஸ்ரத் நிறுவினார். 1924-இல் உமராபாத்தில் ஜாமிஆ தாருஸ்ஸலாம் தொடங்கப்பட்டது. அங்குப் பயின்றோர் முறையே பாகவி, உமரி எனப் பெயருடன் சேர்த்துக்கொள்வது இன்றும் வழக்கம்.

கேட்டவர்: ஜஸாக்கல்லாஹு கைரன். அரபுத்தமிழ் ஏன் அருகியது?

பதில்: தமிழெழுத்து அச்சு நூல்களும் பொதுப்பள்ளிக் கல்வியும் பெருகியதே முதன்மைக் காரணம்.