வலைக்கதவு வழியே புதுக் குட்டியைப் பார்த்ததும் பாய்கிறான் பழைய பூனை: அடுத்து என்ன செய்வது?

கேட்டவர்: கோவை_மாடிவீடு

வணக்கம். இரண்டு படுக்கையறை ஃப்ளாட், இரண்டாவது மாடி. வீட்டுப் பூனை நான்கு வயதுக் கடுவன், கருத்தடை ஆனவன், 5 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். புதிதாக வந்திருப்பது தெருவில் எடுத்த பெட்டைக் குட்டி. டாக்டர் கணக்கில் ஐந்து மாதம், 1.9 கிலோ. பூச்சி மருந்து கொடுத்தாயிற்று, தடுப்பூசி ஒரு டோஸ் ஆகியிருக்கிறது, கருத்தடை இன்னும் இல்லை.

குட்டி கடைசி அறையில் தனியாக இருக்கிறாள். மூடிய கதவின் இரண்டு பக்கமும் தட்டு வைத்ததில் சிக்கல் வரவில்லை. கதவை ஒட்டி உட்கார்ந்தே இருவரும் சாப்பிட்டார்கள். அதனால் மரக்கதவைத் திறந்து, கொசுவலைக் கதவை மட்டும் சாத்தி, தட்டுகளை அதே இடத்தில் வைத்தோம். அவன் தலையைத் தூக்கி ஒரு கணம் முறைத்தான், சத்தமே இல்லாமல் பாய்ந்தான். வலையின் கீழ் ஓரம் சட்டத்தை விட்டுப் பிரிந்துவிட்டது. அதிலிருந்து மூடிய கதவுப் பக்கம் தட்டு வைத்தாலும் வருவதில்லை. சமையலறையில் வைத்தால் சாப்பிடுகிறான்.

முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? "விட்டுவிடு, நாலு தடவை அடித்துக்கொண்டால் பழகிவிடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது சரியா? குட்டிக்குக் கருத்தடை முடியும்வரை காத்திருக்கலாமா?

பதில்: மீசைக்காரன்

விடவே விடாதீங்க. 5 கிலோ கடுவன் 1.9 கிலோ குட்டி மேல விழுந்தா அது பழக்கம் ஆகாது. குட்டி ஓட ஆரம்பிக்கும், ஓடுறதைத் துரத்த அவன் கத்துக்குவான். ஒரு தடவை துரத்திப் பழகினா அதைக் கலைக்கிறது ரொம்பக் கஷ்டம்.

எங்க சறுக்குச்சுன்னு உங்க பதிவிலேயே இருக்கு. மூடின கதவுல வாசனையும் சத்தமும் மட்டும்தான். வலைக்கதவுல பார்வையும் சேர்ந்துடுச்சு. புதுசா ஒண்ணைச் சேர்க்கிறப்போ தூரத்தைக் கூட்டணும். தட்டு அதே இடத்துல இருந்ததால, ஒரு அடி தூரத்துல முழுக் குட்டியையும் திடீர்னு பார்த்துட்டான். இது பொறாமையும் இல்லை, கெட்ட குணமும் இல்லை. தன் எல்லைக்குள்ள தெரியாத பூனை நின்னா எந்தக் கடுவனும் செய்றதுதான்.

இனி செய்ய வேண்டியது. மரக்கதவை மூடிட்டு, அவன் தட்டை அவன் நிதானமா சாப்பிடுற தூரத்துல வைங்க. அது சமையலறை வாசலா இருந்தாலும் பரவாயில்லை, அங்கிருந்தே ஆரம்பிங்க. ஒரு வேளை முழுசாச் சாப்பிட்டு முடிச்சா அடுத்த வேளைக்கு ஒரு சாண் முன்னால நகர்த்துங்க. தட்டை விட்டுத் தலையைத் தூக்கிக் கதவையே பார்த்தான்னா, இல்லை அவசர அவசரமா விழுங்கிட்டு ஓடினான்னா, அடுத்த வேளைக்கு இரண்டு சாண் பின்னால. நாள் கணக்கு பார்க்காதீங்க. அவன் சாப்பிடுற விதம்தான் கணக்கு.

அந்த நேரத்துக்குன்னு தனிச் சாப்பாடு வேணும். உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் போடாம வேக வெச்ச கோழி, எலும்பில்லாம உதிர்த்து இரண்டு ஸ்பூன். இதைக் கதவுப் பக்கம் மட்டுமே கொடுங்க. உலர் தீனியை நாள் முழுக்கத் தட்டுல போட்டு வைக்கிற வழக்கம் இருந்தா நிறுத்துங்க. பசியில்லாத பூனைக்குக் குட்டியை முறைக்கிறது மட்டும்தான் வேலை.

பதில்: வெல்டுமெஷ்_வேலு

வலைக்கதவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நைலான், ஃபைபர் கொசுவலை எதுவும் பாயும் பூனையைத் தாங்காது. ஓரத்தில் பிரிந்த இடத்தை மறுபடி ரப்பர் வைத்து அடைத்தால் இன்னொரு பாய்ச்சலில் முழுதும் வந்துவிடும். ஹார்டுவேர் கடையில் அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டுமெஷ் (பற்றவைத்த கம்பிவலை) அடி கணக்கில் வெட்டித் தருவார்கள். கதவின் கீழ்ப்பாதிக்கு, அதாவது மூன்றரை அடி உயரத்துக்கு, சட்டத்தின் மேல் வைத்து வாஷர் போட்ட திருகாணியால் ஒவ்வொரு ஆறு அங்குலத்துக்கும் முடுக்குங்கள். வெட்டிய கம்பி முனைகளை உள்பக்கம் மடக்கிவிடுங்கள், பாதம் கிழியும். மேல்பாதியில் பழைய வலை இருக்கட்டும். கதவின் தாழ்ப்பாள் பெரும்பாலும் காந்தம்தான், ஒரு தள்ளலில் திறக்கும். கொக்கி ஒன்று போட்டுவிடுங்கள்.

பிறகு ஒரு பழைய போர்வையைத் துணி கிளிப்பால் கதவு முழுக்கத் தொங்கவிட்டு, தரையிலிருந்து இரண்டு அங்குலம் மட்டும் திறந்து வையுங்கள். அவனுக்குத் தெரிவது குட்டியின் பாதம் மட்டும். அதைப் பார்த்தபடியே சாப்பிட்டால் நான்கு அங்குலம், பிறகு ஆறு, பிறகு முகம் தெரியும் அளவு. தட்டுகளை இந்தக் கட்டத்தில் வலையை விட்டு இரண்டு பக்கமும் ஆறேழு அடி தள்ளித் தொடங்குங்கள். ஹாலில் அவ்வளவு நேர்கோட்டு இடம் இல்லையென்றால், அவன் தட்டைச் சோபா ஓரத்துக்குப் பின்னால் வைத்தால் போதும். தானாக எட்டிப் பார்க்க விரும்பும்போது பார்ப்பான்.

பதில்: கால்நடை_துறைசார்

இரண்டு விஷயத்தை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அவன் சமையலறையில் வழக்கமான அளவு சாப்பிடுகிறானா? சற்றுப் பருமனான பூனை ஒன்றிரண்டு நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேரும் ஆபத்து உண்டு. ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அடுத்து, சிறுநீர். மன அழுத்தத்தில் இருக்கும் பூனைகளுக்குச் சிறுநீர்ப்பை வீங்குவது சகஜம். கடுவனுக்குக் குழாய் மெல்லியது, அடைத்துக்கொள்ளும். திரும்பத் திரும்ப மணல் ட்ரேயில் போய் உட்கார்ந்து முக்குவது, கத்துவது, ஒரு சொட்டு இரண்டு சொட்டுதான் வருவது, பின்பக்கத்தை விடாமல் நக்குவது: இதில் எதைக் கண்டாலும் அன்றைக்கே, இரவானாலும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளினால் உயிர் போகும்.

இனி குட்டி. நேருக்கு நேர் விடுவதற்கு முன் சில துளி ரத்தத்தில் எஃப்.ஐ.வி., எஃப்.இ.எல்.வி. (பூனையின் எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும் இரண்டு வைரஸ்கள்) பரிசோதனை செய்துவிடுங்கள். எஃப்.ஐ.வி. முக்கியமாகக் கடி மூலம் பரவுகிறது. "அடித்துக்கொண்டு பழகட்டும்" என்பதை நான் கடுமையாக மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியில் எஃப்.ஐ.வி. பாசிட்டிவ் வந்தால் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருளாகவும் இருக்கலாம், பயந்துவிடாமல் ஆறு மாதம் கடந்ததும் மறுபடி பாருங்கள். எஃப்.இ.எல்.வி. நெகட்டிவ் வந்தாலும், அண்மையில் தொற்றியிருந்தால் காட்டாது. ஒரு மாதம் கழித்து மீண்டும் பார்ப்பது நல்லது.

தடுப்பூசி ஒரு டோஸ் போதாது. மூன்று அல்லது நான்கு வார இடைவெளியில் இரண்டாவது டோஸ் போட வேண்டும். மூன்று மாதம் கடந்த குட்டிக்கு ரேபிஸ் ஊசியும் போடலாம். மூத்தவனுக்கு எல்லாம் நடப்பில் இருக்கிறதா என்று அவன் அட்டையையும் பாருங்கள். வட்டமாக முடி உதிர்ந்த இடம் குட்டியிடம் இருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். அது அவனுக்கும் உங்களுக்கும் ஒட்டும்.

குட்டிகளைக் கொல்லும் வாந்திபேதி நோயான பன்லூக்கோபீனியாவின் வைரஸ் தரையில், துணியில் பல மாதம் உயிரோடு இருக்கும். ஸ்பிரிட்டுக்குச் சாகாது. அழுக்கைச் சோப்புத் தண்ணீரால் கழுவிய பிறகு, 1 லிட்டர் தண்ணீருக்கு 5 சதவீத ப்ளீச் திரவம் 30 மில்லி கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். காய்ந்த பிறகே பூனையை விடலாம். சிறுநீர் மேலேயே ப்ளீச்சை ஊற்றாதீர்கள், ஆசிட்டோடு கலக்காதீர்கள். எழும் வாயு மூச்சை அடைக்கும். பினாயில் பூனை இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். அதில் இருக்கும் ஃபீனால் வகைகளை உடைத்து வெளியேற்றப் பூனையின் ஈரலால் முடியாது. தெள்ளுக்கு நாயின் சொட்டு மருந்தைப் பாதியாக்கிப் போடும் பழக்கமும் வேண்டாம். அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனை வலிப்பு வந்து இறக்கவும் கூடும்.

கருத்தடைக் கேள்விக்கு: காத்திருக்கச் சொல்ல மாட்டேன், இப்போதே செய்துவிடுங்கள் என்பேன். ஐந்து மாதத்தில் சினைக்குக் கத்தத் தொடங்கும் குட்டிகள் உண்டு. தையல் ஆற பத்திலிருந்து பதினான்கு நாள் அவளை எப்படியும் தனியாக வைக்க வேண்டும். ஆஸ்பத்திரி வாசனையோடு வருகிற பூனையை, வருடக்கணக்காகப் பழகிய பூனையே அடையாளம் தெரியாமல் சீறுவது உண்டு. அறிமுகம் முடிந்த பிறகு ஆபரேஷன் வைத்தால் செய்த வேலை கலையும். பிரித்து வைத்திருக்கும் இந்த நாட்களிலேயே முடித்துவிட்டால் இரட்டைச் சிக்கல் இல்லை. ஊசிக்கும் ஆபரேஷனுக்கும் எது முதலில் என்பதை அவளைப் பார்க்கும் டாக்டர் சொல்வார்.

கேட்டவர்: கோவை_மாடிவீடு

மிக்க நன்றி. அவன் அளவாகச் சாப்பிடுகிறான், சிறுநீரும் சரியாகப் போகிறான். வெல்டுமெஷ் வாங்கிவிடுகிறேன். இன்னும் சில: அவனுடைய மணல் ட்ரே இரண்டும் ஹால் பாத்ரூமில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, குட்டிக்கு அவள் அறையில் ஒன்று. பாய்ந்தால் தண்ணீர் ஸ்ப்ரே அடிக்கச் சொல்கிறார்கள், செய்யலாமா? குட்டியைக் கூண்டில் வைத்து ஹாலில் வைத்தால் சீக்கிரம் பழகுமா?

பதில்: மீசைக்காரன்

ஸ்ப்ரே வேண்டாம். குட்டியைப் பார்த்தா மேல தண்ணி விழும்னு மட்டும்தான் அவன் மனசுல பதியும். நமக்கு வேண்டியது நேர் எதிர்: குட்டி தெரிஞ்சா கோழி வரும். முறைக்க ஆரம்பிச்சான்னா பேச்சு கொடுக்காம, அவனுக்குப் பின்னால ஒரு துண்டு கோழியைப் போடுங்க. திரும்பினான்னா சரி. திரும்பலைன்னா நடுவுல ஒரு அட்டையை நுழைச்சுப் பார்வையை மறைச்சு, கதவைச் சாத்திடுங்க.

சீறலுக்குப் பயப்பட வேண்டாம். "அங்கேயே நில்லு"ன்னு சொல்றான், அவ்வளவுதான். சீறிட்டுத் திரும்பிப் போறது நல்ல விஷயம். பயப்பட வேண்டியது சத்தமில்லாத முறைப்புக்குத்தான்: உடம்பு தாழ்ந்து, தலை அசையாம, கண் இமைக்காம, வால் நுனி மட்டும் துடிக்கும். உங்க வீட்டுல பாயறதுக்கு முன்னாடி அந்த ஒரு கணம் நடந்தது அதுதான். அதை ஆரம்பத்திலேயே கலைக்கணும்.

ஒரு வேளை முடிஞ்சதும் கதவைச் சாத்துறதுக்கும் நேரம் இருக்கு. தட்டுல கடைசி வாய் இருக்கிறப்பவே சாத்துங்க. காலியான தட்டோட தலையைத் தூக்கினா அவன் கண்ணுல படுறது குட்டிதான்.

கூண்டு எனக்குப் பிடிக்கலை. அவன் சுத்திச் சுத்தி வருவான், அவளால எங்கேயும் ஒதுங்க முடியாது. வலைக்கதவுல அவ வேண்டாம்னு நினைச்சா கட்டிலுக்கு அடியில போயிடலாம். அந்த வழி அவளுக்கு எப்பவும் இருக்கணும்.

பதில்: தாழ்வாரம்

இரண்டு ட்ரே பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் பூனைக்கு அது ஒன்றுதான். இரண்டு பூனைக்கு மூன்று, வெவ்வேறு இடத்தில். உங்கள் பாத்ரூமுக்கு ஒரே வாசல். நாளை இருவரும் திறந்த வீட்டில் இருக்கும்போது ஒருவர் உள்ளே போனால் மற்றவர் வாசலில் உட்கார்ந்து மறிப்பார். மறிக்கப்பட்ட பூனை அடுத்துப் போகும் இடம் உங்கள் மெத்தை. ஒன்றை இப்போதே ஹாலின் மூலைக்கு, இரண்டு பக்கமும் பார்க்க முடிகிற இடத்துக்கு மாற்றுங்கள். மூடி போட்ட ட்ரே வேண்டாம். 5 கிலோ பூனைக்குக் கடை ட்ரே சிறியது. பாத்திரக் கடையில் கிடைக்கும் அகலமான பிளாஸ்டிக் டப்பில் ஒரு பக்கத்தைத் தாழ வெட்டி, ஓரத்தைத் தேய்த்துவிட்டு, மண் இரண்டு அங்குலம் போட்டால் போதும்.

உயரத்தில் இரண்டு இடமாவது வேண்டும், ஒன்றிலிருந்து மற்றவர் இருப்பதைப் பார்க்கிற மாதிரி. ஃப்ரிட்ஜ் மேலே ஒன்று, ஷோகேஸ் மேலே ஒன்று. ஏறும் வழியும் இறங்கும் வழியும் தனித்தனியாக இருக்கட்டும். கீழே வைக்கும் அட்டைப் பெட்டிகளில் இரண்டு பக்கமும் ஓட்டை போடுங்கள்.

வாசனை மாற்றத்தை யாரும் சொல்லவில்லை. பழைய பனியன் துணியால் குட்டியின் கன்னத்தையும் தாடையையும் தேய்த்து, அவன் தட்டுக்கு ஒரு முழம் தள்ளிப் போடுங்கள். அவன் படுக்கையில் போடாதீர்கள், அங்கே அவன் வாசனை மட்டும் இருக்கட்டும். முகர்ந்துவிட்டு அலட்சியமாகப் போனால் தட்டுக்கு நெருக்கி வையுங்கள். அதன் பிறகு தினமும் அரை மணி நேரம் அறை மாற்றம்: அவன் அவள் அறையில், அவள் ஹாலில், ஒருவரை ஒருவர் பார்க்காமல். குட்டிக்கு வீட்டின் ஒளிவிடங்கள் தெரிந்திருந்தால், பின்னால் ஓட நேர்ந்தாலும் முட்டிக்கொண்டு மூலையில் மாட்டமாட்டாள். ஆபரேஷன் முடிந்து தையல் ஆறும்வரை இந்த அறை மாற்றத்தை மட்டும் நிறுத்தி வையுங்கள். மேலே ஏறிக் குதிப்பாள்.

கேட்டவர்: கோவை_மாடிவீடு

புரிந்தது. வலைக்கு இரண்டு பக்கமும் ஒட்டி உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கிய பிறகு, கதவை எப்படித் திறப்பது? சண்டை வந்தால் எப்படிப் பிரிப்பது?

பதில்: வெல்டுமெஷ்_வேலு

இரண்டு பேர் வேண்டும், ஆளுக்கொரு தூண்டில் பொம்மை. முதலில் அவனை நன்றாக ஓடவிட்டுக் களைக்கவையுங்கள். பாதிச் சாப்பாடு கொடுத்த பிறகு கதவைத் திறந்து, ஹாலின் இரு முனையில் மீதிச் சாப்பாடு. முதல் தடவை ஐந்து நிமிடம் போதும். நன்றாகப் போகிறதே என்று நீட்டிக்கத் தோன்றும், அப்போதே நிறுத்துங்கள். இரண்டு பேருக்கும் நகத்தின் கூர் முனையை மட்டும் முன்பே வெட்டியிருக்க வேண்டும்.

மூன்றடிக்கு இரண்டடி கனமான அட்டை ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். சண்டை வந்தால் அதை நடுவில் இறக்குங்கள், இல்லையென்றால் தடித்த போர்வையை அவன் மேல் போடுங்கள். கையை நுழைக்கக் கூடாது. பிரிந்த பிறகு அவனைத் தூக்கிச் சமாதானம் செய்யப் போகாதீர்கள். அந்த வேகத்தில் உங்களையே கடிப்பான்; சில பூனைகளுக்கு அது அடங்க மறுநாள்கூட ஆகும். விளக்கை அணைத்து, தண்ணீரும் ட்ரேயும் வைத்து, தனியறையில் விட்டுவிடுங்கள். பிறகு வலைக்கதவுக் கட்டத்துக்கே திரும்ப வேண்டும்.

பதில்: கால்நடை_துறைசார்

யாருக்காவது கடி பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ரேபிஸ் தடுப்பூசியும் டெட்டனஸ் தடுப்பூசியும் கேளுங்கள். பூனைக் கடி சிறு புள்ளியாகத்தான் தெரியும், ஆனால் பல் ஆழமாக இறங்கியிருக்கும். ஒன்றிரண்டு நாளில் கை வீங்கிச் சீழ் பிடிப்பது மிகச் சாதாரணம். பூனைக்குப் பூனை கடித்த இடத்தையும் முடியை விலக்கித் தேடிப் பாருங்கள். பாரசிட்டமால் பூனைக்கு எந்த அளவிலும் கொடுக்கக் கூடாது.

கேட்டவர்: கோவை_மாடிவீடு

கடைசியாக ஒன்று. விளையாட்டா சண்டையா என்று எப்படித் தெரியும்? எப்போது இருவரையும் இரவில் ஒன்றாக விடலாம்?

பதில்: மீசைக்காரன்

விளையாட்டுன்னா முறை மாறும். இப்போ இவன் மேல, அடுத்து அவ மேல. நடுவுல நிறுத்திக் காலை நக்குவாங்க, நகம் வெளியே வராது, சத்தம் ரொம்பக் குறைவு. எப்பவும் அவன் மட்டுமே மேல இருந்து கழுத்தைக் கவ்விப் பிடிச்சிருந்தா, அவ அலறினா, முடி பறந்தா, அது விளையாட்டில்லை. சந்தேகமா இருந்தா அட்டையை வெச்சுப் பிரிச்சுப் பாருங்க. விட்டதும் குட்டி திரும்ப அவன்கிட்டயே போனா விளையாட்டு. ஓடி ஒளிஞ்சா இல்லை.

ராத்திரி விடுறதுக்கு: நீங்க வீட்டுல இருக்கிறப்போ நாள் முழுக்க ஒண்ணா இருந்து, மூணு நாலு வாரம் ஒரு துரத்தல்கூட இல்லாம போகணும். ட்ரேக்கு ரெண்டு பேரும் பயமில்லாம போய் வரணும். குட்டி 3 கிலோவைத் தொட்டிருந்தா இன்னும் நல்லது. அதுவரைக்கும் ராத்திரியும் நீங்க வெளியே போறப்பவும் வெல்டுமெஷ் கதவுக்குக் கொக்கி போட்டே வைங்க.