சிங்கிள் ஸ்பீட் சைக்கிளுக்குப் பின் பிரேக் மட்டும் போதுமா, முன்னாலும் வேண்டுமா?

பெடல்_கட்டை:

பழைய 27 இஞ்ச் கியர் சைக்கிள் ஒன்றை சிங்கிள் ஸ்பீடாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். கியர் சாமான் எல்லாம் கழற்றியாச்சு. முன்னால் 44 பல், பின்னால் 18 பல் ஃப்ரீவீல். சக்கரம் இரண்டும் புதுசு, 700சி அலாய் ரிம். பின் ஹப்பில் இரண்டு பக்கமும் மரை இருக்கிறது. ஒரு பக்கம் ஃப்ரீவீல், திருப்பிப் போட்டால் ஃபிக்ஸட் பல்சக்கரம் (சக்கரம் சுற்றும்வரை பெடலும் கூடவே சுற்றும்).

பின் பிரேக் மட்டும் வைத்துக்கொண்டு முன் பிரேக்கை எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். ஹேண்டில்பாரில் ஒயர் குறையும், பார்க்கவும் சுத்தமாக இருக்கும். சைக்கிள் கடையிலும் "முன் பிரேக் பிடிச்சா குப்புற விழுவீங்க, பின்னாடி மட்டும் இருந்தா போதும்" என்கிறார்கள். ஓட்டுவது ஊருக்குள்தான், 20-25 கி.மீ. வேகம். இது சரியா? இரண்டும் வேண்டும் என்றால் என்ன மாதிரி வாங்குவது?

வீல்_பெண்டு:

ஒன்றைத்தான் வைப்பேன் என்று அடம்பிடித்தால்கூட வைக்க வேண்டியது முன் பிரேக். கடையில் சொன்னது தலைகீழ்.

பிரேக் பிடித்ததும் எடை முன் டயருக்குப் போகிறது. பின் டயர் ரோட்டை அழுத்துவது குறைகிறது. அழுத்தம் குறைந்தால் பிடியும் குறையும். அதனால்தான் பின் பிரேக்கை எவ்வளவு இறுக்கினாலும் ஒரு அளவுக்கு மேல் வண்டி நிற்காது, சக்கரம் லாக் ஆகி 'சர்ர்ர்' என்று இழுத்துக்கொண்டு போகும். விலை கூடிய பிரேக் போட்டாலும் இந்த எல்லை மாறாது. குறை பிரேக்கில் இல்லை, டயர் மேல் எடை இல்லை.

கணக்காகவே பாருங்கள். ஆக்சிலுக்கு ஆக்சில் சுமார் 1 மீட்டர், ஆளும் வண்டியும் சேர்ந்த எடை மையம் தரையிலிருந்து 1.1 மீட்டர் என்று வைத்தால், உலர்ந்த தார் ரோட்டில் பின் பிரேக் மட்டும் தரும் வேகக் குறைப்பு புவியீர்ப்பு முடுக்கத்தில் கால் பங்குக்கும் சற்றுக் குறைவு. முன் பிரேக் பாதி வரை தரும். அதற்கு மேல் போனால்தான் பின் சக்கரம் தூக்கும். 25 கி.மீ. வேகத்தில் இது, கை லிவரைப் பிடித்த நொடியிலிருந்து, 11 மீட்டருக்கும் 5 மீட்டருக்கும் உள்ள வித்தியாசம். குறுக்கே ஒரு ஆட்டோ திரும்பினால் அந்த 6 மீட்டர்தான் எல்லாமே.

குப்புற விழுவது பொய்யில்லை. ஆனால் பெரும்பாலும் அது நடப்பது, கை தளர்வாக இருந்து, லிவரை ஒரே அடியாகப் பிடித்து, வண்டி நின்ற பிறகும் உடம்பு முன்னால் போவதால். கையை ஊன்றி, இடுப்பைச் சீட்டின் பின்பக்கம் தள்ளி, லிவரைப் படிப்படியாக அழுத்தினால் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும். பின் பிரேக்கையும் லேசாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பின் சக்கரம் வழுக்க ஆரம்பித்தால் அங்கே எடை போய்விட்டது என்று அர்த்தம். உடனே முன் லிவரைக் கொஞ்சம் விடவேண்டும்.

நாலணா_மணி:

மேலே சொன்னதில் தப்பில்லை. ஆனால் படிக்கிறவர்கள் "அப்போ பின் பிரேக் தேவையில்லை" என்று கிளம்பிவிடக் கூடாது. ஃப்ரீவீல் வண்டியில் பெடலைப் பின்னால் மிதித்தால் எதுவும் நடக்காது. முன் பிரேக் ஒயர் அறுந்தால் மிச்சம் செருப்புதான்.

ஒயர் பெரும்பாலும் லிவருக்குள், ஈயக் குண்டு உட்காரும் இடத்தில்தான் அறுகிறது. இழை இழையாகப் போகும், வெளியே தெரியாது. மாதம் ஒரு முறை லிவரை முழுக்க அழுத்தி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள், ஒரு இழை பிரிந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

ஒயர் நன்றாக இருந்தாலும் பின் பிரேக்குக்கு வேலை உண்டு. முன் டயர் பஞ்சராகி ஆடும்போது முன் பிரேக் பிடித்தால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். மணல் படிந்த திருப்பம், மழையில் நனைந்த ரயில்வே கேட் தண்டவாளம், சாணி, ஈர இலை, இங்கெல்லாம் முன் சக்கரம் வழுக்கினால் நிமிர்த்தவே முடியாது. பின் சக்கரம் வழுக்கினால் சமாளிக்கலாம். கேரியரில் டபுள்ஸ் ஏற்றினால் எடை பின்னால் போவதால் பின் பிரேக் வழக்கத்தைவிட நன்றாகப் பிடிக்கும், ஆனால் நிறுத்தவேண்டிய எடையும் கூடிவிடும். அப்போது இரண்டும் வேண்டும்.

கடைக்காரரையும் ரொம்பத் திட்ட வேண்டாம். அவர்கள் கை பழகியது கம்பி பிரேக் வைத்த 28 இஞ்ச் வண்டியில். குரோம் பூசிய இரும்பு ரிம் மழையில் நனைந்தால் முன்னாலும் பிடிக்காது, பின்னாலும் பிடிக்காது. முதல் சில சுற்று ரிம்மிலுள்ள தண்ணீரை வழிப்பதற்கே போய்விடும். இவருடையது அலாய் ரிம், அந்தக் கதை பொருந்தாது.

பெடல்_கட்டை:

புரிந்தது. அப்படியானால் ஹப்பைத் திருப்பி ஃபிக்ஸட் போட்டால்? அப்போது காலே பின் பிரேக்தானே?

ஸ்போக்_36:

ஃபிக்ஸட் போட்டால் முன் பிரேக் ஒன்றோடு ஓட்டலாம். பிரிட்டனின் 1983 சைக்கிள் விதிகளும் அப்படித்தான் பிரிக்கின்றன: பெரியவர்கள் ஓட்டும் ஃப்ரீவீல் வண்டிக்கு முன்னும் பின்னும் தனித்தனி பிரேக், ஃபிக்ஸட் வண்டிக்கு முன்னால் ஒன்று இருந்தால் போதும். ஜெர்மனியில் ஒன்றையொன்று சாராத இரண்டு பிரேக் இருக்க வேண்டும். அமெரிக்காவின் கூட்டாட்சி விதியில் "பின் பிரேக் மட்டும்" என்றும் ஒரு வழி உண்டு. அதைக் காட்டி இங்கே வாதாட வேண்டாம், பெடலைப் பின்னால் மிதித்து நிறுத்தும் கோஸ்டர் வண்டிகளும் அதில்தான் அடங்குகின்றன.

பிரேக்கே இல்லாமல் ஓட்டுவது வெலோட்ரோமுக்கு (சைக்கிள் பந்தயத் தளத்துக்கு) சரி. எல்லாரும் ஒரே திசையில் போகிறார்கள், யாரும் திடீரென நிற்கக் கூடாது என்பதே அங்கே பாதுகாப்பு. ரோடு அப்படி இல்லை.

காலை நம்புவதில் இரண்டு சிக்கல். காலால் தடுத்தாலும் நிறுத்துவது பின் டயர்தான், அந்தக் கால் பங்கு எல்லை அப்படியே இருக்கும். அடுத்து, செயின் கழன்றால் பின் பிரேக் மொத்தமாகப் போச்சு. கோஸ்டருக்கும் இதே கதைதான். நடுவில் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் செயின் 10-15 மி.மீ. ஆடவேண்டும், அதற்கு மேல் தளர்ந்தால் ஆக்சிலைப் பின்னால் இழுத்து இறுக்குங்கள். கிராங்க்கைச் சுற்றிக்கொண்டே பல இடத்தில் பாருங்கள். முன் பல்சக்கரம் துல்லியமான வட்டமாக இருக்காது, ஒரு இடத்தில் தளர்ந்தும் ஒரு இடத்தில் இறுகியும் வரும். இறுகும் இடத்தை வைத்துத்தான் அளவு.

ஃபிக்ஸட் பல்சக்கரத்துக்கு மேலே வரும் லாக் ரிங் இடது மரை. அது இல்லாமல் ஃப்ரீவீல் மரையில் பல்சக்கரத்தை முறுக்கி ஓட்டாதீர்கள். பெடலை எதிர்த்து மிதிக்கும் அந்த முதல் அவசரத்திலேயே கழன்றுவரும்.

இன்னொன்று, சறுக்கி நிறுத்தும் பழக்கம் வந்தால் 44-க்குப் பின்னால் 16 பல் போடாதீர்கள். விகிதம் 11-க்கு 4 என்று சுருங்குவதால், ஒரே காலை முன்னால் வைத்துச் சறுக்கினால் டயரில் அதே 4 இடம்தான் தேயும். 17 பல் போட்டால் 17 இடத்தில் பரவும். ஒரு பல் வித்தியாசத்தில் டயரின் ஆயுள் எவ்வளவு மாறும் என்று பாருங்கள்.

வீல்_பெண்டு:

கோஸ்டர் பற்றி ஒரு வார்த்தை. சமதளத்தில் பரவாயில்லை, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில் அதை மட்டும் நம்பி இறங்கினால் ஹப் கொதித்து கிரீஸ் எரியும். கலிபோர்னியாவின் மரின் மலையில் 1976-ல் தொடங்கிய இறக்கப் பந்தயத்துக்கு 'ரீபேக்' (திரும்ப அடைத்தல்) என்றே பெயர், ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஹப்பைப் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால்.

நாலணா_மணி:

என்ன வாங்குவது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. 27 இஞ்ச் ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 630 மி.மீ., 700சி-யில் 622. ஆகவே பிரேக் கட்டை முன்பு இருந்த இடத்தைவிட 4 மி.மீ. கீழே இறங்க வேண்டும். பழைய காலிப்பரில் (ரிம்மை இரண்டு பக்கமும் கவ்வும் பிரேக்கில்) கட்டையை அடிமட்டத்துக்கு இறக்கியும் டயரை உரசினால் அதை வைத்து ஓட்டாதீர்கள், டயர் பக்கவாட்டில் கிழிந்து டியூப் வெடிக்கும். ஃபோர்க் ஓட்டையின் நடுவிலிருந்து ரிம்மில் கட்டை படும் இடத்தின் நடு வரை அளந்து, அந்த அளவைக் கடையில் சொல்லுங்கள். 47-57 மி.மீ. வகையும் 55-73 மி.மீ. வகையும் கிடைக்கும். பின்னால் தனியாக அளக்க வேண்டும், இரண்டும் ஒன்றாக இருக்காது. பழைய ஃபோர்க் என்றால் பின்னால் சாதா நட்டு போடும் வகை கேளுங்கள். புதிய காலிப்பர்களின் உள்ளடங்கிய ஆலன் நட்டுக்கு ஃபோர்க்கின் பின்பக்க ஓட்டை 8 மி.மீ. இருக்க வேண்டும், பழையதில் 6 தான் இருக்கும்.

லிவரில் ஏமாறாதீர்கள். நீளக் கை வைத்த வி-பிரேக்கின் லிவர் ஒயரை நிறைய இழுக்கும், காலிப்பருக்குப் போட்டால் கல் மாதிரி இறுகும், ஆனால் வண்டி நிற்காது. கியர் ஒயரின் வெளி உறையைப் பிரேக்குக்குப் போடுவது அதைவிட மோசம். அதில் கம்பிகள் நீளவாக்கில் ஓடும், அழுத்திப் பிடித்தால் பிளந்துகொள்ளும். சுருள் கம்பி வைத்த 5 மி.மீ. உறைதான் பிரேக்குக்கு.

கட்டையைச் செருகும் வகை ஷூவாக இருந்தால் மூடிய முனை வண்டி போகும் திசையில் இருக்க வேண்டும். ரிம் கட்டையை முன்னால்தான் இழுக்கும். திருப்பி மாட்டினால் முதல் அழுத்தமான பிரேக்கில் ரப்பர் பறந்துவிடும், வெறும் இரும்புதான் மிஞ்சும். கட்டையின் முன் முனை ரிம்முக்கு அரை முதல் 1 மி.மீ. வரை நெருக்கமாக இருந்தால் கீச்சென்று கத்தாது. பின் முனையில் ஒரு விசிட்டிங் கார்டை மடித்து வைத்து, லிவரைப் பிடித்தபடி போல்ட்டை இறுக்கினால் அந்தக் கோணம் தானாக வரும்.

பெடல்_கட்டை:

முன்னால் 55-73 வகை மாட்டியாச்சு. நன்றாக நிற்கிறது. ஆனால் அழுத்திப் பிடித்தால் ஹேண்டில் பக்கம் 'டக் டக்' என்று அதிர்கிறது. காலிப்பர் தப்பா?

ஸ்போக்_36:

பெரும்பாலும் காலிப்பர் இல்லை, ஹெட் கப் (ஃபோர்க் திரும்பும் இடத்தில் பால்ரஸ் உட்காரும் கிண்ணம்). முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். இன்னொரு கையின் விரலை மேல் கப் சேரும் இடைவெளியில் வையுங்கள், பிறகு கீழ் கப்பிலும். விரலில் அசைவு தெரிந்தால் அது லூஸ். மேல் நட்டைத் தளர்த்தி, கப்பைக் கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்கி, நட்டைப் பூட்டுங்கள். ஹேண்டில் தானாக இரண்டு பக்கமும் திரும்ப வேண்டும், நேர் நிலையில் 'கிளிக்' என்று மாட்டினால் கப்பில் குழி விழுந்திருக்கிறது. அப்போது பால்ரஸ் மட்டும் மாற்றிப் பயனில்லை, கப்பையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

அசைவே இல்லை என்றால் சக்கரத்தைச் சுழற்றிக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ரிம் இணைப்பில் மேடு இருந்தால் சுற்றுக்கு ஒரு 'டக்' மட்டும் வரும். அந்த மேட்டை நைஸ் உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்கலாம்.