சான்சன்கார்ட்டில வந்தன், வேலைக் கொன்ராக்ட் தந்திருக்கினம். சைன் வைக்கலாமோ?

பரந்தன்காரன்:
வணக்கம் அண்ணையாக்கள், அக்காமார். அவசரம். சான்சன்கார்ட்டில (வேலை தேட வாற விசா) ஜேர்மனிக்கு வந்து வேலை தேடிக்கொண்டிருக்கிறன். ஒரு கொம்பனி கொன்ராக்ட் அனுப்பியிருக்கு. வெள்ளிக்குள்ள சைன் வைச்சுத் திங்கக்கிழமை வேலைக்கு வரட்டாம், கிழமைக்கு 40 மணித்தியாலம். விசா கொஞ்ச நாள்தான் கிடக்கு. சைன் வைச்சா பேர்மிற் மாத்தித் தருவினமோ? ஊரில காணி ஈடு வைச்சு வந்தனான், திரும்பிப் போகேலாது. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

நெடுங்கேணி:
தம்பி, முதல்ல புள்ளிக் கணக்கு விளங்கோணும். கார்ட் வந்தது 2024 யூன் 1. ரெண்டு வழி. படிப்பு முழுசா அங்கீகரிக்கப்பட்டிருந்தால் புள்ளியே தேவையில்லை. பட்டதாரி எண்டா அனபின் தளத்தில (வெளிநாட்டுப் பட்டங்களைப் பாக்கிற ஜேர்மன் இணையத்தளம்) பல்கலைக்கழகம் எச் பிளஸ், அதாவது ஏற்றது எண்டும், பட்டம் சமம் எண்டும் இருக்கவேணும். பட்டம் அங்க இல்லையெண்டா இசட்ஏபிக்கு (வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடுற ஜேர்மன் அரச அலுவலகம்) 208 யூரோ கட்டி மதிப்பீடு எடுக்கலாம். மற்ற வழிக்கு 6 புள்ளி. வயசு 35க்குள்ள எண்டா 2, நாப்பது வரைக்கும் 1. கடைசி அஞ்சு வருசத்தில ரெண்டு வருச அனுபவம் 2, கடைசி ஏழில அஞ்சு வருசம் 3. ஜேர்மன் மொழித் தரம் ஏ2 எண்டா 1, பி1 2, பி2 3. ஆங்கிலம் சி1 இருந்தால் அதுக்குத் தனியா 1. கிளிநொச்சியில இருக்கிற முப்பது வயசுப் பெடியனுக்கு லேசான சேர்மானம் 2, 3, 1 தான். அதாவது வயசு, அஞ்சு வருச வேலை, ஏ2. அனுபவம் ரெண்டு வருசம் மட்டுமெண்டா பி1 வரைக்கும் போகவேணும். இதுகளை அங்க இருக்கேக்கை பாத்திருக்கவேணும்.

டோட்முண்ட் அக்கா:
அண்ணை, அவர் வந்திட்டார். புள்ளி கேட்கேல்லை.
தம்பி, தேவையான விசயத்தை எல்லாம் சொல்லாமல் விட்டிட்டீர். கொன்ராக்ட்டில தொழிலின்ர பேர் என்ன போட்டிருக்கு? என்ன படிச்சனீர், எங்க? விசாவில முடியிற திகதி என்ன? எந்த விலாசத்தில பதிஞ்சிருக்கிறீர்? "கொஞ்ச நாள்" எண்டா ஒருத்தருக்கும் விளங்காது.

குளத்தடி:
சைன் வை தம்பி. கையில வந்த வேலையை விடுறதே? ஜேர்மன்காரனுக்கு ஆள் தேவை, பேர்மிற்றை முதலாளி பாத்துக்கொள்ளுவான்.

முறிகண்டி:
குளத்தடி அண்ணை சொல்லுறதைக் கேட்டால் பெடியன் மாட்டுவான். சான்சன்கார்ட்டில எல்லா வேலையும் சேத்துக் கிழமைக்குச் சராசரி 20 மணித்தியாலம்தான். அதைவிட ஒரு முதலாளியிட்ட ஆகக்கூடியது ரெண்டு கிழமை வேலை செய்து காட்டலாம். அதுவும் பிறகு தேர்ச்சி வேலையோ தொழிற்பயிற்சியோ தாறதுக்காகத்தான் இருக்கவேணும். திங்கக்கிழமை 40 மணித்தியாலம் தொடங்கினால் அது களவு வேலை. முதலாளி தண்டம் கட்டுவான், பெடியன்ர ஃபைலில அது ஏறி நிக்கும். சைக்கிளில சாப்பாடு குடுக்கிற வேலையைச் "சுயதொழில்" எண்டு எழுதித் தந்தாலும் செய்யேலாது. சுயதொழிலுக்கு இந்தக் கார்ட்டில அனுமதியில்லை.

பரந்தன்காரன்:
மன்னிக்கோணும், பதட்டத்தில எழுதினது. தொழில் பேர் "ஹெல்ஃபர்" (உதவியாள்) எண்டு இருக்கு. மணித்தியாலத்துக்கு 14.50 யூரோ. அறிவியல் நகர் ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில மின்சாரம் படிச்சனான், என்விகியூ 5 (இலங்கைத் தொழில் தகைமை). பிறகு அரிசி ஆலைகளில மோட்டர், பனல் வேலை மூண்டு வருசம். இசட்ஏபி தாள் இருக்கு, அப்ப அங்கீகாரம் முடிஞ்சுதுதானே? விசா முடிய ஏழு கிழமை. மாமா வீட்டில நிக்கிறன், பதியேல்லை. வீட்டுச் சொந்தக்காரனுக்குத் தெரிஞ்சால் பிரச்சினையாம். புளொக் எக்கவுண்டுக் (விசாவுக்காகப் பூட்டி வைக்கிற வங்கிக் கணக்கு) காசு ஒருத்தர் வட்டிக்குப் போட்டது, மாசம் மாசம் வாற 1,091 யூரோவும் அவருக்குத்தான் திரும்பப் போகுது.

ஒட்டுசுட்டான்:
இதுதான் எங்கட சனம். பன்னிரண்டு மாசத்துக்கு 13,092 யூரோ போட்டுக் காட்டிப்போட்டு அதையே வட்டியோட உருவுறது. அந்தக் காசு சாப்பிடவும் வாடகை கட்டவும் எண்டு அரசாங்கம் வைச்சது, அது எந்த ஏஜென்சிக்காரனுக்கு விளங்கும்? பேசாமல் அசூல் (அகதித் தஞ்சம்) கேஸ் குடு தம்பி, ரெண்டு மூண்டு வருசம் ஓடும்.

முறிகண்டி:
கேஸ் குடுக்கச் சொல்லுறது விசர்க் கதை. அசூல் போட்டபிறகு வேலைப் பேர்மிற்றுக்கு மாறுறதைச் சட்டம் இறுக்கித்தான் வைச்சிருக்கு. கையில உள்ள வழியை ஏன் அடைக்கிறியள்?

குளத்தடி:
எல்லாம் இறுக்கம்தான். தொலைக்காட்சி இல்லாத வீட்டுக்கும் மாசம் 18.36 யூரோ கேட்டுக் கடிதம் வருது. நாலு மணிக்கு இருட்டு. பொங்கலுக்கு லீவும் இல்லை.

டோட்முண்ட் அக்கா:
திரும்ப விசயத்துக்கு வருவம். ஏழு கிழமை இருக்கு. ஒழுங்காச் செய்தால் காணும்.

இப்பிடியே சைன் வைக்காதையும். ஹெல்ஃபர் எண்டால் படிப்புத் தேவையில்லாத வேலை. அதில எவ்வளவு சம்பளம் தந்தாலும் தேர்ச்சித் தொழிலாளர் பேர்மிற் கிடையாது. உமக்கு வேலை இருக்கோ எண்டதை விட, அது எந்தத் தரத்து வேலை எண்டதைத்தான் அவுஸ்லெண்டர் (வெளிநாட்டவர்) அலுவலகம் பாக்கும். முதலாளிக்கு ஈமெயில் போட்டு மூண்டு திருத்தம் கேளும். தொழில் பேர் "எலெக்ட்ரோனிக்கர் ஃபியூர் பெட்ரீப்ஸ்டெக்னிக்" (தொழிற்சாலை மின்னியலாளர்) எண்டு வரவேணும். என்ன செய்யிற வேலை எண்டு எழுதவேணும்: பனல் கட்டுறது, மோட்டர் ஸ்ராட்டர் வயரிங், பழுது தேடுறது. தொடங்கிற நாள் "பேர்மிற் கிடைச்ச நாளில இருந்து" எண்டு இருக்கவேணும். பேரை மட்டும் மாத்திப்போட்டுக் கூட்டவும் தூக்கவும் விட்டால் சரிவராது. தொழில் முகவரகம் செய்யிற வேலையையும் பாக்கும், அந்த ஊரில அதே வேலைக்குக் குடுக்கிற சம்பளத்தோடயும் ஒப்பிடும். 14.50 அதில நிக்காது, கூட்டிக் கேளும். 2026 இல ஆகக்குறைஞ்ச சம்பளமே 13.90.

உம்மட தொழிற்படிப்புக்குத் தந்த இசட்ஏபி தாள் அங்கீகாரம் இல்லை. உம்மட படிப்பு இலங்கை அரசு ஏற்றது, ரெண்டு வருசத்துக்குக் குறையாதது எண்டு மட்டும்தான் அது சொல்லுது. நிறுவனத்தின்ர பேரில ஜேர்மன் இருக்கிறதால தானா ஒண்டும் நடக்காது. தொழிற்சாலை மின்வேலை எண்டால் நியூரன்பேர்க்கில இருக்கிற ஐஎச்கே ஃபோசாவுக்கு (வெளிநாட்டுத் தொழிற்படிப்பை அங்கீகரிக்கிற இடம்) விண்ணப்பம் போடவேணும், வீட்டு வயரிங் எண்டால் உம்மட பகுதி கைத்தொழில் சபைக்கு. நீர் ஆலையில வேலை செய்ததால முதலாவதுதான் பொருந்தும். செலவு 100 தொடக்கம் 600 யூரோ வரை. ஆவணம் எல்லாம் சேந்த பிறகு மூண்டு மாசத்துக்குள்ள முடிவு.

கன பேருக்கு இடறுறது சேவைக் கடிதம். "இவர் எம்மிடம் மின்னியலாளராகக் கடமையாற்றினார், நன்னடத்தை உள்ளவர்" எண்டு ரெண்டு வரியில ஆலை முதலாளி எழுதித் தருவார். அது ஒண்டுக்கும் உதவாது. தொடங்கின திகதி, முடிஞ்ச திகதி, கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், எத்தனை குதிரைவலு மோட்டர், எந்த மாதிரி ஸ்ராட்டர், என்ன பழுது பாத்தது எண்டெல்லாம் வரவேணும். ஈபிஎஃப் (சேமலாப நிதி) கட்டியிருந்தால் அந்தக் கணக்கு அறிக்கையும் வைக்கவும். அறிவியல் நகரில இருந்து பாடமும் மணித்தியாலமும் போட்ட பட்டியல் எடுப்பியும். மொழிபெயர்ப்பு, நீதிமன்றத்தில சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளரிட்ட.

அங்கீகாரம் முடிய முதல் விசா முடிஞ்சிடுமே எண்டு பயப்படுறீர். அதுக்குத்தான் தொடர் சான்சன்கார்ட். தேர்ச்சி வேலைக்கு உறுதியான கொன்ராக்ட் இருந்து, வேற வேலைப் பேர்மிற்றுக்கு இன்னும் தகுதி வராட்டி, தொழில் முகவரகம் சம்மதிச்சால் ரெண்டு வருசம் வரைக்கும் நீட்டலாம். அனுபவசாலிகளுக்கான வழி ஒண்டும் இருக்கு, அதில அங்கீகாரம் தேவையில்லை. ஆனா 2026 இல வருசத்துக்கு 45,630 யூரோ சம்பளம் வேணும். தாரிஃப் ஒப்பந்தத்துக்குள்ள (தொழிற்சங்கத்தோட செய்த சம்பள ஒப்பந்தம்) இருக்கிற கொம்பனி எண்டால் அந்தத் தொகை தேவையில்லை, தாரிஃப் சம்பளம் காணும். அதையும் முதலாளியிட்ட கேளும்.

பதியாமல் இதுகள் ஒண்டும் நடக்காது. எந்த அலுவலகத்துக்கு உம்மட ஃபைல் போகும் எண்டதே விலாசத்தை வைச்சுத்தான். வீட்டுக்கு வந்து ரெண்டு கிழமைக்குள்ள பதிஞ்சிருக்கவேணும். பிந்தினால் தண்டம் 1,000 யூரோ வரை போடலாம். அதுக்குப் பயந்து காசு குடுத்து விலாசம் வாங்காதையும், பொய்யா விலாசம் குடுக்கிறவைக்கு 50,000 யூரோ வரை தண்டம். வாடகைக்கு இருக்கிற மாமாவே வீடு தாறவர் எண்டு தாளில கையெழுத்து வைக்கலாம். ஆனா மருமகனை வைச்சிருக்க வீட்டுக்காரனிட்ட சம்மதம் கேக்கவேணும். அவன் மறுத்தால் பதிய விடுற அறை ஒண்டு பாரும். டெப்பொசிற் மூண்டு மாச வெறும் வாடகைக்கு மேல கேக்கேலாது, அதையும் மூண்டு தவணையில கட்டலாம். அறையைப் பாக்க முதல் காசு கேட்டால் அது கள்ளக் கதை.

பரந்தன்காரன்:
நன்றி அக்கா. மாமாவோட இண்டைக்குக் கதைக்கிறன். விசா முடிஞ்ச பிறகு விண்ணப்பிச்சால் பிழையோ? காசுக்கு என்ன செய்ய?

முறிகண்டி:
முடிஞ்ச பிறகு பிழைதான். முடிய முதல் ஒன்லைனில விண்ணப்பம் போட்டு, அனுப்பின அத்தாட்சியைச் சேமிச்சு வை. முதலாளி நிரப்பவேண்டிய வேலை விபரப் படிவத்தையும் அதோட சேத்து அனுப்பு. முடிவு வரும்வரைக்கும் ஃபிக்ஸியோன் எண்ட இடைக்காலத் தாள் தருவினம். அது பழைய உரிமையைத்தான் நீட்டும், அப்பவும் 20 மணித்தியாலம்தான். "தாள் வந்திட்டுது, முழுநேரம் செய்" எண்டு முதலாளி சொன்னாலும் செய்யாதை.

காசுக்கு அதே கொம்பனியிட்ட இப்ப 20 மணித்தியாலக் கொன்ராக்ட் கேள். 13.90 எண்டாலும் மாசம் 1,200 யூரோ வரும், கழிவு போக ஆயிரத்தைக் கொஞ்சம் தாண்டும். 603 யூரோவுக்கு மேல சம்பளம் எண்டபடியால் அரச மருத்துவக் காப்புறுதிக்குள்ள வருவாய், வந்த உடன பயணக் காப்புறுதியை நிப்பாட்டு. வரி இலக்கம் இல்லாட்டி ஆறாம் வரி வகுப்பில கூட வரி வெட்டுவாங்கள், அதுக்கும் பதிவு வேணும். வட்டிக்காரரிட்ட தவணையைக் குறைக்கச் சொல்லி இப்பவே கேள். நீட்டேக்கையும் சீவனத்துக்கு வருமானம் இருக்கோ எண்டு பாப்பினம், வெறும் எக்கவுண்டைக் காட்டேலாது.

டோட்முண்ட் அக்கா:
ஈமெயிலை இண்டைக்கே போடும், வெள்ளிக்கிழமை அவங்கட தவணைதான், உம்மட இல்லை. எந்த நகரம் எண்டு இன்னும் சொல்லேல்லை தம்பி. சொன்னால் அந்த அலுவலகத்தின்ர ஒன்லைன் படிவம் எது எண்டு காட்டிவிடுறன்.

பரந்தன்காரன்:
ஹம் அக்கா, கோயிலுக்குக் கிட்ட.